மூணு தட்டினா இறக்கு

எல்லாம் சரியாக இருந்தது. மேஸ்திரிக்குப் பயம் பிடித்ததே அதனால்தான்.

முதல் நிலையில் இருந்த நாற்பத்தெட்டு மூட்டுகளையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தாயிற்று. நாற்பத்தெட்டும் ‘ணங்’ என்று பதில் சொல்லின. ஒன்றாவது ‘டொக்’ என்று செத்த சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வேறொருவராக இருந்தால் விசிலடித்துக்கொண்டே இரண்டாம் நிலைக்கு ஏறியிருப்பார். மேஸ்திரி மட்டும் பலகை மேல் நின்று, சுத்தியலின் தலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தட்டலாமா என்று யோசித்தார்.

ஆறு மாடிப் பழைய அலுவலகக் கட்டிடம் அது. உள்ளே ஆளில்லை, மேசை நாற்காலிகளைக்கூட வாரிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே சாரம் கட்டி, அதன்மேல் உச்சியிலிருந்து தரைவரை பச்சை வலையைப் போர்த்தியிருந்தார்கள். வலைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தால் பிற்பகல் நான்கு மணிகூட பாசி பிடித்த கிணறு மாதிரி இருக்கும். ஈரச் சுண்ணாம்பு வாடை, துரு வாடை, எங்கோ செத்துக் காய்ந்த புறாவின் வாடை. காற்று வந்தால் வலை உப்பும், போனால் சுவரோடு வந்து ஒட்டும். அந்த நேரத்தில் பைப்புகள் எல்லாம் சேர்ந்து மெல்ல முனகும்.

நாளைக் காலை ஏழு மணிக்கு முப்பது பெயின்டர்கள் வருவார்கள். ஏணியடியில் மேஸ்திரியின் கையெழுத்தோடு பச்சை அட்டை தொங்கினால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்கள். சிவப்பு அட்டை தொங்கினால் டீ குடித்துக்கொண்டு கதை பேசுவார்கள். அந்த அட்டையை மாட்டத்தான் இப்போது இந்தச் சோதனை. மற்ற ஆட்களை மதியமே அனுப்பிவிட்டார். கீழே கிடங்குக் கொட்டகை வாசலில், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் அவர் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவர் இறங்கியதும் இருவரும் ஒன்றாக வீட்டுக்குப் போவார்கள்.

கிடங்கில் சாமான் பிரிப்பது அவள் வேலை. லாரி கொட்டிவிட்டுப் போகிற பைப்புகளை நிறம் பார்த்து, நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் என்று அடுக்குவாள். இரண்டும் இரண்டு கம்பெனிச் சாமான். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும், ஒன்றோடொன்று சேராது. நிற்கிற பைப்பில் ஓட்டை போட்ட வட்டத் தகடு இருக்கும், குறுக்குப் பைப்பின் முனையில் ஓர் ஆப்பு இருக்கும். ஆப்பை ஓட்டையில் இறக்கி ஓங்கி ஓர் அடி. இறுகினால் ணங். இறுகாவிட்டால் டொக். சிவப்புக் கம்பெனி ஆப்பு நூலளவு மெல்லியது. நீலத் தகட்டில் அது சுகமாக இறங்கும், இறுகிய மாதிரியே உட்காரும், ஆனால் எதையும் பிடித்திருக்காது. ஆள் எடை விழும்வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

இந்தச் சாரத்தில் எங்கோ அப்படிப்பட்ட பதினொரு சிவப்புப் பைப்புகள் இருந்தன. நீலச் சாயம் பூசிய சிவப்புப் பைப்புகள். பூசியவர் மேஸ்திரி.

காதும் காதும் வைத்தாற்போல் முடித்த வேலை அது. பூசி, காயவைத்து, நீலக் குவியலுக்குள் தள்ளிவிட்டார். அப்புறம் அவருக்கே எது எதுவென்று தெரியாமல் போயிற்று. கிடங்கிலேயே தேடி எடுத்திருக்கலாம். ஆனால் மனைவி பக்கத்தில் வந்து நின்று, “என்னத்தங்க தேடுறீங்க?” என்று கேட்டுவிட்டால்? ஒரு கேள்வி வந்தால் அடுத்தது வரும், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும், கடைசியில் அவள் தம்பி வந்து நிற்பான். அதற்குப் பதில், எல்லாவற்றையும் கட்டி முடிக்கட்டும், டொக் சத்தத்தை வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். நடுவில் நான்கு நாள் ஆட்கள் அதன்மேல் ஏறி இறங்கினார்கள். அவர்கள் அதிர்ஷ்டசாலிகளாக இருந்தால் சரி. மேஸ்திரி அவ்வளவு நல்ல மனிதர்.

இரண்டாம் நிலைக்கு ஏறினார். முதல் மூட்டைத் தட்டினார்.

ணங்.

சுத்தியலை எடுத்த பிறகு, ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, கீழே எங்கோ இன்னொரு முறை.

ணங்.

எதிரொலி. சுவருக்கும் சாரத்துக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி ஆறு மாடிக்கும் போகிறது, சத்தம் உள்ளே விழுந்து திரும்பி வருகிறது. தட்டிக்கொண்டே நகர்ந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பதில். எதிரொலி என்றால் வருகிற நேரம் மாறாமல் இருக்க வேண்டும். இது சில சமயம் சீக்கிரம் வந்தது, சில சமயம் யோசித்துவிட்டு வந்தது.

“ஏங்க!” கீழேயிருந்து மனைவியின் குரல். “எதுக்கு ரெண்டு ரெண்டு தடவ தட்டுறீங்க?”

மேஸ்திரி தட்டுவதை நிறுத்தினார். “எதிரொலிம்மா. நீ உக்காரு.”

“ஒரு சத்தம் மேல கேக்குது. இன்னொண்ணு இங்க, என் பக்கத்துல கேக்குது.”

“உக்காருன்னு சொல்றேன்ல.”

அவள் உட்கார்ந்தாளா இல்லையா என்று வலை வழியாகத் தெரியவில்லை. மங்கலாக ஒரு வாளி மட்டும் தெரிந்தது. இறங்கிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் சத்தம் கீழேதான் இருந்தது. அதனால் மேஸ்திரி மேலே ஏறினார்.

மூன்றாம் நிலையில் சீக்கிரம் சீக்கிரமாகத் தட்டினார். ணங், ணங், ணங் என்று ஒழுக்கமான பிள்ளைகள் வருகை சொல்வதுபோல் எல்லா மூட்டும் சொல்லின. டொக் ஒன்றுகூட இல்லை. ஓர் ஆறு மாதத்துக்கு முன்பு என்றால் இந்த வேலைக்கு அவர் ஏறியே இருக்க மாட்டார். மச்சினனை ஏற்றிவிட்டுக் கீழே நின்றிருப்பார்.

அவனை எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். தரையில் நின்று, ஒரு பைப்பில் காதை வைத்து, “அஞ்சாவது நிலை, கிழக்கு ஓரம், மூணாவது ஆப்பு லூசு” என்பான். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். முப்பது வயது ஆள், கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு நடை பழக்கியதிலிருந்து எல்லாம் அக்காதான். அம்மா என்று அவன் கூப்பிட்டுப் பழகியது அவளைத்தான்.

போன வேலையில் பதினொரு குறுக்குப் பைப் குறைந்தது. மேஸ்திரி பக்கத்து வேலையிலிருந்து சிவப்பை எடுத்து வந்து செருகினார். எல்லாம் பைப்புதானே. காது ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தலையை ஆட்டினான். “மாமா, இது நம்ம செட் இல்ல. சத்தமே வேற. நான் ஏற மாட்டேன்.” அவ்வளவு பேர் முன்னால் சொன்னான். மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. மறுநாள் விடிகாலையில் தனியாக வந்து, பெயின்ட் டப்பாவை வெட்டி, விரலகலத் தகரத் துண்டுகளை ஆப்புக்கும் ஓட்டைக்கும் நடுவில் சொருகி அடித்தார். தகரம் இடத்தை நிரப்பியது, சத்தத்தையும் திருத்தியது. ணங். காது வந்து தட்டிப் பார்த்தான், சிரித்தான். “இப்ப சரியா இருக்கு மாமா. மாத்திட்டீங்களா?” “மாத்திட்டேன்டா, ஏறு.” ஏறினான். அவன் காதை ஏமாற்றிய ஒரே ஆள் தாம்தான் என்று மேஸ்திரிக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தகரம் அழுத்தம் தாங்காது. வழுக்கும்.

நான்காம் நிலைக்கு அவர் ஏறும்போது ஏணி சில்லிட்டிருந்தது. மேலே மேகம் கூடியிருக்க வேண்டும், பச்சை வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. முதல் மூட்டருகே சுத்தியலை ஓங்கினார். அவர் தட்டுவதற்கு முன்பே கீழே தட்டியது.

ணங். ணங். ணங்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. சாரம் கட்டுகிறவர்கள் உயரத்தில் கத்திப் பேச மாட்டார்கள், பைப்பைத் தட்டிப் பேசுவார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் தூக்கு. மூன்று என்றால் இறக்கு.

“ஏங்க,” என்றாள் மனைவி. குரல் இப்போது கொட்டகைப் பக்கமிருந்து வரவில்லை. சாரத்தின் அடியிலிருந்து வந்தது. “இறக்குன்னு யாருங்க தட்டுறது?”

“நான்தான் தட்டினேன்.”

“உங்க கை மேலேயே நிக்குதே. நிழல் தெரியுது.”

மேஸ்திரி சுத்தியலைக் கீழே இறக்கினார். அந்த மூன்று தட்டை அவர் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறார். போன வேலையில், காது ஏறிய அன்றைக்கு, எல்லோரும் சாப்பிடப் போக, மேஸ்திரி மட்டும் கீழே இருந்தார். பலகை சரிந்து, காது சுவருக்கும் சாரத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் விழுந்து, இரண்டு ஆள் உயரத்தில் நெஞ்சோடு சிக்கிக்கொண்டான். கத்த மூச்சு இல்லை. மணிக்கட்டில் சுத்தியல் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதை வைத்துத் தட்டினான். இறக்கு. இறக்கு. இறக்கு. மேஸ்திரிக்கு ஓடிப்போய் ஆளைக் கூப்பிடத்தான் முதலில் தோன்றியது. பத்தடி ஓடவும் செய்தார். அப்புறம் சிவப்புப் பைப் ஞாபகம் வந்தது. ஆட்கள் வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

திரும்பி வந்து கழற்றினார். கழற்றிய சிவப்பைத்தான் பிற்பாடு நீலம் பூசி மறைத்தார். மறுகோடியிலிருந்து நீலப் பைப்பை எடுத்து வந்து ஒவ்வொன்றாக மாட்டினார். பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, இரண்டு அடி. அவர் அடிக்கிற சத்தமும் அவன் தட்டுகிற சத்தமும் கலந்து, கேட்பவர்களுக்கு வேலை மும்முரமாக நடக்கிற மாதிரிதான் இருந்திருக்கும். எந்த நேரத்தில் அவன் சத்தம் நின்றது என்று மேஸ்திரி கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாது என்று கவனமாக இருந்தார்.

பெல்ட் மாட்டாமல் ஏறிவிட்டான் என்று எல்லோரிடமும் சொன்னார். மனைவி நம்பினாள். அழுகையைவிட அவளுக்குக் கோபம்தான் அதிகம் வந்தது. “இவ்வளவு வருஷம் சொல்லிச் சொல்லி வளத்தேனே, ஒரு கொக்கியை மாட்ட அவனுக்கு வலிச்சுதா?” என்று தம்பியின் படத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். மேஸ்திரி பக்கத்தில் நின்று, ஆமாம், என்ன செய்வது என்று தலையாட்டினார். இப்போது அவர் பயமெல்லாம் அதுதான். சாவுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

“நீ கொட்டகைக்குப் போ,” என்று கத்தினார். “பைப்பைத் தொடாத. தூரப் போ!”

வலை உப்பியது, அமுங்கியது.

ஐந்தாம் நிலையில் அவர் எந்த மூட்டையும் தட்டவில்லை. தட்டாமலேயே நடந்தார். கீழே அது தட்டிக்கொண்டே வந்தது. மூன்று மூன்றாக. முதலில் தரைமட்டத்திலிருந்து வந்த சத்தம் இப்போது கொஞ்சம் உயரத்திலிருந்து வந்தது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். கைப்பிடிப் பைப்பைப் பிடித்தபோது அதிர்வு உள்ளங்கை வழியாக முழங்கைக்கு ஏறியது.

அப்போதுதான் பார்த்தார். ஒரு மூட்டில், ஆப்புக்கும் ஓட்டைக்கும் நடுவில், ஏதோ மினுங்கியது.

குனிந்தார். தகரம். விரலகலம். டப்பாவில் அச்சடித்த எழுத்துகூட ஓர் ஓரத்தில் தெரிந்தது. அவர் வெட்டினால் எப்போதும் ஒரு பக்கம் கோணலாகத்தான் வரும். இதுவும் கோணல். நகத்தால் ஆப்பின் பக்கத்தைச் சுரண்டினார். நீலம் உரிந்தது. உள்ளே சிவப்பு.

இந்தச் சாரத்தில் அவர் ஒரு தகரமும் சொருகவில்லை. அன்றைக்குச் சொருகிய துண்டுகளை எல்லாம் பொறுக்கி, ஆற்றில் போட்டாயிற்று. அவர் கையால்.

அடுத்த மூட்டு. தகரம். அதற்கடுத்தது. தகரம். பதினொரு பைப்பும் வேறெங்கும் இல்லை, இதோ இங்கே, ஐந்தாம் நிலையில், வரிசையாக, அவர் நடந்து வந்த பலகைகளுக்கு அடியில்.

ஏணிக்குத் திரும்பி ஓடினார். இரண்டு எட்டு வைத்ததும் பின்னால் ‘சர்ர்’ என்று ஒரு தகரம் வழுக்குகிற சத்தம். பலகை ஒரு விரற்கடை இறங்கியது. நின்றார். சாரமும் நின்றது. மறுபடி ஓர் எட்டு. சர்ர். இறங்குகிற ஏணிக்கு இன்னும் நான்கு பலகை. மேலே போகிற ஏணி கைக்கெட்டும் தூரத்தில். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் கைதான் முடிவு செய்தது. மேலே ஏறினார்.

ஆறாம் நிலை. அதற்கு மேல் வானம்தான். பெல்ட் கொக்கியைக் கைப்பிடிப் பைப்பில் மாட்டினார். மூன்று முறை தவறி, நான்காவது முறை மாட்டியது. சாரம் முழுவதும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

கீழே தட்டுவது நின்றுவிட்டது.

மண்டியிட்டு, சுவருக்கும் சாரத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். ஆறு நிலைக்குக் கீழே, ஒரு தீப்பெட்டி அளவு வெளிச்சத்தில், அவர் மனைவி நின்றிருந்தாள். நிற்கிற பைப்பைக் கட்டிப் பிடித்து, அதில் காதை வைத்து, கண்களை மூடியிருந்தாள். தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிறதா என்று பார்க்கிறவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

“அம்மாடி,” என்று மேஸ்திரி கூப்பிட்டார். “அத விட்டுட்டு வெளிய போ.”

“பேச்சு கேக்குதுங்க,” என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். இடைவெளி அதை முழுசாக மேலே கொண்டுவந்தது. “தம்பி பேசுறான்.”

“காத்தும்மா. வலை அடிக்குது.”

“பதினொண்ணாங்க?”

மேஸ்திரி கைப்பிடிப் பைப்பை எட்டிப் பிடித்தார்.

“நீங்க கழட்டி மாட்டினது. அவன் எண்ணிக்கிட்டே இருந்தானாம். இந்த ஒண்ணு முடிஞ்சதும் மாமா வந்து இறக்குவாரு, அடுத்தது முடிஞ்சதும் இறக்குவாருன்னு. ஏழு வரைக்கும் எண்ணினானாம்.” அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். “மிச்சம் நாலு அவனுக்குத் தெரியாதாம்.”

“பொய். யாரோ... உன் மனசுதான்...”

“பெல்ட் மாட்டியிருக்கீங்களா?”

அவ்வளவு பரிவாகக் கேட்டாள். அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தார். “மாட்டியிருக்கேன்மா. மாட்டியிருக்கேன்.”

“நல்லது. அப்ப தனியா விழ மாட்டீங்க. சாரத்தோடயே வருவீங்க.”

பைப்பிலிருந்து காதை எடுத்தாள். ஆட்கள் தரையில் போட்டுவிட்டுப் போன ஒரு சுத்தியலை எடுத்தாள். மேலே பார்க்கவில்லை. மேஸ்திரி கத்தினார். பெயர் சொல்லிக் கத்தினார், பிள்ளைகளைச் சொல்லிக் கத்தினார், காலில் விழுகிறேன் என்றார். கொக்கியைக் கழற்றப் பார்த்தார். அது அசையவில்லை. பலகை சாய்ந்தது. ஒரு பெயின்ட் டப்பா உருண்டு, ஓரத்தைத் தாண்டி, விழுந்தது. வெகுநேரம் விழுந்தது.

கீழே அவள் முதல் மூட்டின் முன்னால் குந்தினாள். ஆப்பின் அடிப்பக்கம் சுத்தியலை வைத்துப் பார்த்தாள். எது என்று தெரியாமல் தயங்கினாள்.

“இதா தம்பி?”

சுவரோரம், இரண்டு ஆள் உயரத்திலிருந்து, இடைவெளிக்குள்ளிருந்து ஒரு கை இறங்கி வந்தது. சாம்பல் படிந்த, நீளமான கை. மணிக்கட்டில் கயிறு இறுகிச் சதைக்குள் போயிருந்தது. அது அவள் தோளைத் தொட்டு, அவசரமே இல்லாமல், ஒரு மூட்டைத் தாண்டி, இன்னொன்றைத் தாண்டி, மூன்றாவதில் விரலை வைத்துக் காட்டியது. அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். ஓங்கி அடித்தாள். ஆப்பு எகிறி விழுந்தது. கை அடுத்ததைக் காட்டியது.